இங்கிலாந்தில் வாடகை வீடு: ஏஜென்ட் எதற்குக் காசு கேட்கலாம், எதற்குக் கேட்கக் கூடாது

2017-ல் நானும் என் நண்பரும் கிழக்கு லண்டனில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றுக்குக் குடிபோனபோது, வாடகையும் டெபாசிட்டும் போக 360 பவுண்டு தனியாகக் கட்டினோம். ரெஃபரன்ஸ் (சம்பளம், முன்பு இருந்த வீடு பற்றிய விசாரணை) பார்க்க ஆளுக்கு 60, ஒப்பந்தம் தயாரிக்க 150, வீட்டுச் சாமான் பட்டியல் எடுக்க 90. அடுத்த வருஷம் அதே வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கு, தேதியை மட்டும் மாற்றி அச்செடுத்த அதே தாளுக்கு, இன்னொரு 90. இதில் கொடுமை என்னவென்றால் அன்றைக்கு இதெல்லாம் சட்டப்படி சரிதான். ஊரில் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுத்துப் பழகிய ஆட்கள் என்பதால் எங்களுக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

இன்றைக்கு அது சரியில்லை. ஆனாலும் புதிதாக வந்து இறங்கும் நம் ஆட்கள், படிக்க வரும் பிள்ளைகள், வேலை விசாவில் குடும்பத்தோடு வருகிறவர்கள், இன்னமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வந்த முதல் வாரம், தங்கியிருக்கும் ஓட்டலுக்குத் தினமும் காசு போய்க்கொண்டிருக்கும்போது, கிடைத்த வீட்டை விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் யார் என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவோம். ஏஜென்டுக்கும் இது தெரியும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்கும் கடிதமும்தான்.

இங்கிலாந்தில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டம். அன்றைய நிதியமைச்சர் ஃபிலிப் ஹாமண்ட் 2016 நவம்பரில் அறிவித்தது, சட்டமாகி நடைமுறைக்கு வர 2019 ஜூன் 1 ஆகிவிட்டது. முதலில் புது ஒப்பந்தங்களுக்கு மட்டும் இருந்தது, 2020 ஜூன் 1 முதல் பழைய ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து. இந்தச் சட்டத்தின் அழகு அது எழுதப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. ‘இந்த இந்தக் கட்டணம் கூடாது’ என்று தடைப் பட்டியல் போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் ஏஜென்ட் மறுநாளே பெயரை மாற்றியிருப்பார், ‘நிர்வாகக் கட்டணம்’ ‘வரவேற்புக் கட்டணம்’ ஆகியிருக்கும். அதற்குப் பதிலாக, வாங்கலாம் என்கிற சில வகைகளை மட்டும் பட்டியல் போட்டு, அதில் இல்லாத எல்லாமே தடை என்று சொல்லிவிட்டது. ஆகவே உங்களிடம் வரும் பில்லில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்கவே வேண்டாம். அது அந்தப் பட்டியலில் எதற்குள் வருகிறது என்று மட்டும் கேளுங்கள்.

பட்டியல் இதுதான்: வாடகை, திரும்பத் தரவேண்டிய டெபாசிட், வீட்டைப் பிடித்து வைக்கும் ஹோல்டிங் டெபாசிட், நீங்கள் கேட்டு ஒப்பந்தத்தை மாற்றினால் ஒரு தொகை, நீங்களே கேட்டுப் பாதியில் காலி செய்தால் அதனால் ஆகும் நஷ்டம், வாடகை தாமதமானால் வட்டி, சாவி தொலைந்தால் அதன் விலை, அப்புறம் கரண்ட், கேஸ், தண்ணீர், இணையம், டிவி லைசென்ஸ், கவுன்சில் டாக்ஸ் (கவுன்சில் என்கிற உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி). வீட்டைச் சேதப்படுத்தினால் நஷ்டஈடு தனி. அவ்வளவுதான். ரெஃபரன்ஸ், கிரெடிட் செக் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்ற சோதனை), ஒப்பந்தம், இன்வென்டரி, குடிபுகும் நாள் ஆய்வு, காலி செய்யும் நாள் ஆய்வு, புதுப்பித்தல், கியாரண்டர் (நீங்கள் வாடகை கட்டாவிட்டால் தான் கட்டுவதாகப் பொறுப்பேற்பவர்) படிவம், வீடு பார்க்க வந்ததற்கு என்று எது கேட்டாலும் அது வீட்டுக்காரரின் செலவு. உங்களுடையது இல்லை.

யாருக்கெல்லாம் பொருந்தும்? தனியார் வீட்டை வழக்கமான ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தவர்கள், மாணவர் குடியிருப்பில் இருப்பவர்கள், வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஒரு அறையில் தங்குபவர்கள் என மூன்று பேருக்கும். கடைசி ஆளை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கம் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ‘அறை வாடகைக்கு’ சீட்டைப் பார்த்துப் போகிற நம் ஆட்கள் நிறைய. நம்மவர் வீடு, சாப்பாடு வாசனை வருகிறது, அண்ணா அக்கா என்று பேச்சு. அங்கே போய் சட்டம் பேசுவதா என்று தோன்றும். பேசவேண்டாம், தெரிந்துகொண்டால் போதும். கம்பெனி பெயரில் எடுக்கப்படும் வீடுகளும் கவுன்சில் வீடுகளும் இந்தச் சட்டத்துக்குள் வராது.

முதல் படி: வீடு பார்க்கப் போகுமுன்

வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பென்னி அனுப்பாதீர்கள். ‘இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், 200 பவுண்டு போட்டால் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆள் ஏஜென்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இன்னும் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால், இங்கே இருக்கும் யாராவது ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். பாவம், அவருக்கு ஒரு சனிக்கிழமை போகும். உங்களுக்கு ஆயிரம் பவுண்டு மிஞ்சும்.

ஏஜென்சியின் இணையதளத்தில், பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், மூன்று விஷயம் இருக்கவேண்டும். ஒன்று, அவர்கள் வாங்கும் கட்டணங்களின் பட்டியல். 2015 முதல் இதை அலுவலகத்திலும் தளத்திலும் வைப்பது கட்டாயம். இரண்டு, எந்தக் குறைதீர்ப்புத் திட்டத்தில் உறுப்பினர் என்பது. ப்ராப்பர்ட்டி ஆம்பட்ஸ்மன், ப்ராப்பர்ட்டி ரிட்ரெஸ் என்று இரண்டு இருக்கின்றன, ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும் என்பது 2014 அக்டோபர் முதல் சட்டம். மூன்று, வாடிக்கையாளர் பணத்துக்கான பாதுகாப்புத் திட்டம். ஏஜென்சி மூடிவிட்டு ஓடினால் அவர்களிடம் இருந்த உங்கள் பணத்துக்கு இதுதான் வழி, 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். தளத்தில் பார்த்ததோடு நிற்காமல் அந்தத் திட்டத்தின் பக்கத்துக்கே போய் ஏஜென்சி பெயரைத் தேடுங்கள், இரண்டு நிமிஷ வேலை. மூன்றில் ஏதாவது ஒன்று இல்லை என்றாலும் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன் நான்.

இரண்டாம் படி: வார வாடகையைச் சரியாகக் கணக்குப் போடுங்கள்

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அதிகமாகப் பணம் போகும் இடம் இதுதான். ஹோல்டிங் டெபாசிட் அதிகபட்சம் ஒரு வார வாடகை. டெபாசிட் அதிகபட்சம் ஐந்து வார வாடகை, வருஷ வாடகை 50,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் போனால் மட்டும் ஆறு வாரம். மாதம் நாலாயிரத்துச் சொச்சம் கொடுக்கிறவர்களுக்குத்தான் அந்த ஆறு வாரம், பெரும்பாலும் நமக்கில்லை. ஆனால் ஆறு ஏழு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் பெரிய வீடு எடுத்தால் மொத்த வாடகை அங்கே போய்விடலாம், அதைக் கவனியுங்கள்.

சரி, ஒரு வார வாடகை என்றால் என்ன? மாத வாடகையை நாலால் வகுப்பது இல்லை. மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கி 52-ஆல் வகுக்கவேண்டும். மாதம் 1,300 பவுண்டு என்றால் வருஷத்துக்கு 15,600, அதை 52-ஆல் வகுத்தால் வாரம் சரியாக 300. ஆக ஹோல்டிங் டெபாசிட் 300-க்கு மேல் கூடாது, டெபாசிட் 1,500-க்கு மேல் கூடாது. நாலால் வகுக்கிற ஏஜென்ட் வாரம் 325 என்பார், டெபாசிட் 1,625 என்பார். 125 பவுண்டு அதிகம். தெரியாமல் செய்தாரா தெரிந்து செய்தாரா என்பது நமக்கு வேண்டாம், வரம்புக்கு மேலே போன அந்தத் தொகை தடைசெய்யப்பட்ட கட்டணம், திரும்பக் கேட்கலாம். ‘ஒன்றரை மாத டெபாசிட்’ என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தால் கணக்கே போடவேண்டாம், அது வரம்பை மீறியதுதான்.

நாய் பூனை இருக்கிறது என்று தனி டெபாசிட் கேட்டால் அதுவும் இந்த ஐந்து வாரத்துக்குள் அடங்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர், இங்கே கிரெடிட் வரலாறு இல்லை, அதனால் இரண்டு மடங்கு என்பதும் செல்லாது. இன்னொரு தந்திரம், முதல் மாத வாடகையை மட்டும் 1,600 என்று வைத்து அடுத்த மாதத்திலிருந்து 1,300 என்பது. அந்தக் கூடுதல் 300-ம் தடைதான், சட்டம் எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துவிட்டார்கள்.

மூன்றாம் படி: ஹோல்டிங் டெபாசிட்

வீடு பிடித்துவிட்டது, ஏஜென்ட் ஹோல்டிங் டெபாசிட் கேட்கிறார். கொடுக்கலாம், ஆனால் இதில்தான் சண்டை அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஹோல்டிங் டெபாசிட்தான் வாங்கலாம். மூன்று பேரிடம் வாங்கி வைத்துக்கொண்டு யார் நல்ல ஆள் என்று தேர்ந்தெடுப்பது கூடாது. நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறீர்கள் என்றால் மொத்த வாடகையின் ஒரு வாரம்தான், ஆளுக்கு ஒரு வாரம் இல்லை.

பணம் கொடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் ஒப்பந்தம் ஆகவேண்டும், இரண்டு பேரும் எழுத்தில் வேறு தேதி ஒப்புக்கொண்டால் அந்தத் தேதிக்குள். ஒப்பந்தம் ஆனால் அந்தப் பணத்தை முதல் வாடகையிலோ டெபாசிட்டிலோ கழித்துக்கொள்ளலாம், அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். கழிக்காவிட்டால் 7 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். வீட்டுக்காரர் மனசு மாறினாலும் 7 நாளுக்குள் முழுப் பணமும் திரும்பவேண்டும்.

எப்போது திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம்? நீங்களாக வேண்டாம் என்று விலகினால். பொய்யான அல்லது திசைதிருப்பும் தகவல் கொடுத்தால். இங்கே வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்கிற குடியேற்றச் சோதனையில் தேறாவிட்டால். கேட்ட ஆவணங்களைக் கொடுக்காமல் இழுத்தடித்தால். இந்த நாலுதான். அதுவும் ஏன் வைத்துக்கொள்கிறோம் என்று 7 நாளுக்குள் எழுத்தில் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் வைத்துக்கொள்ளும் உரிமையே போய்விடும்.

நம் ஆட்கள் மாட்டுவது ‘பொய்யான தகவல்’ என்ற இடத்தில். ஏஜென்ட்கள் பொதுவாக மாத வாடகையைப் போல 30 மடங்கு வருஷச் சம்பளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1,300 வாடகைக்கு 39,000. உங்கள் சம்பளம் 36,000 என்று வையுங்கள். படிவத்தில் 36,000 என்றே எழுதியிருந்தால், பத்தாது என்று அவர்கள் மறுத்தாலும் ஹோல்டிங் டெபாசிட் உங்களுக்குத் திரும்ப வரவேண்டும், ஏனென்றால் நீங்கள் மறைக்கவில்லை. கிடைக்கட்டுமே என்று 40,000 எழுதி, சம்பளச் சீட்டில் 36,000 இருந்தால் 300 பவுண்டு போச்சு. ஓவர்டைம், போனஸ், ஊரில் இருக்கும் வருமானம் எல்லாம் சேர்த்து எழுதுகிறவர்கள் அதைப் பிரித்துத் தெளிவாக எழுதுங்கள். பணம் கொடுக்குமுன்பே ‘என் சம்பளம் இவ்வளவு, விசா இந்தத் தேதி வரை, கியாரண்டர் கிடையாது’ என்று மெயிலில் போட்டுவிடுங்கள். பின்னால் அந்த ஒரு மெயில் உங்களைக் காப்பாற்றும்.

நான்காம் படி: சோதனைகளும் கியாரண்டரும் முன்பணமும்

குடியேற்றச் சோதனை சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை, அதற்கு உங்களிடம் காசு வாங்கக்கூடாது. இ-விசா இருப்பவர்கள் அரசுத் தளத்தில் ஷேர் கோட் (உங்கள் விசா நிலையை வீட்டுக்காரர் இணையத்தில் பார்க்க உதவும் குறியீடு) எடுத்துக் கொடுத்தால் போதும், அதற்கும் செலவில்லை. ரெஃபரன்ஸ் கம்பெனியின் இணைப்பை அனுப்பி ‘நேரடியாக அவர்களுக்கு 35 பவுண்டு கட்டுங்கள், எங்களுக்கு இல்லை’ என்பார்கள் சிலர். வேறொரு கம்பெனிக்குக் கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் தடைதான். அதேபோல் காசு வாங்கிக்கொண்டு கியாரண்டராக நிற்கும் கம்பெனிகள், டெபாசிட்டுக்குப் பதிலாகத் திருப்பித் தராத ஒரு தொகை வாங்கும் திட்டங்கள். இவற்றை ஒரு வாய்ப்பாகச் சொல்லலாம், நீங்களாக விரும்பி எடுக்கலாம். இதை எடுத்தால்தான் வீடு என்று சொல்லக்கூடாது. அந்த டெபாசிட் மாற்றுத் திட்டத்தைப் பற்றி என் கருத்து: கையில் காசே இல்லாதவர் தவிர யாரும் தொடவேண்டாம். கட்டிய தொகையும் திரும்பாது, சேதம் என்று சொன்னால் அதையும் நீங்கள்தான் கட்டவேண்டும்.

முன்பண வாடகை விஷயத்தில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. புதிதாக வந்தவர்களிடம் ஆறு மாதம், சில இடத்தில் ஒரு வருஷம் முன்கூட்டியே கேட்பது இங்கே வழக்கமாக இருந்தது. நகையை வைத்து, கடன் வாங்கி, அப்பாவின் பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் ஆகும் ஒப்பந்தங்களில், கையெழுத்தாகுமுன் வாடகை என்று எதையும் வாங்கக்கூடாது. கையெழுத்தானபின், குடிபுகுமுன், அதிகபட்சம் ஒரு மாத வாடகை. நீங்களாக நீட்டினால்கூட கையெழுத்துக்கு முன் அவர்கள் வாங்கக்கூடாது. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேலே ஏலம் கேட்டு வாங்குவதும் இதே சட்டத்தில் நின்றுவிட்டது.

நல்லதுதான், ஆனால் ஒரு கஷ்டமும் இருக்கிறது. கையில் பணம் இருந்து, கிரெடிட் வரலாறு மட்டும் இல்லாத ஆட்களுக்கு அந்த ஆறு மாத முன்பணம் ஒரு வழியாக இருந்தது. அது அடைபட்டபின் ‘இங்கிலாந்தில் வீடு வைத்திருக்கும் கியாரண்டர் இருக்கிறாரா’ என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளவேண்டும். கம்பெனி உங்களை அழைத்து வந்திருந்தால், அவர்களே கியாரண்டராக நிற்பார்களா என்று மனிதவளத் துறையில் கேட்டுப் பாருங்கள். பல்கலைக்கழக விடுதிகளின் ஒப்பந்த வகையே வேறு, இந்த முன்பண விதி அங்கே அப்படியே பொருந்தாது.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் படிப்பது

முப்பது பக்கத்தையும் படிக்கப்போவதில்லை நீங்கள், நானும் படித்ததில்லை. ஆனால் ஃபைலைத் திறந்து பவுண்டுக் குறியைத் தேடுங்கள், அது வரும் இடத்தையெல்லாம் படியுங்கள். ஆய்வுக்கு வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் 40, ஒவ்வொரு நினைவூட்டல் கடிதத்துக்கும் 25, காலி செய்யும்போது தொழில்முறைச் சுத்தத்துக்கு 250 என்று பழைய ஒப்பந்தத்திலிருந்து அப்படியே ஒட்டியது கிடக்கும். பார்த்தால் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்து, வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் பயப்படவேண்டாம், சட்டத்துக்கு விரோதமான அந்த ஷரத்து மட்டும் உங்களைக் கட்டுப்படுத்தாது, மீதி ஒப்பந்தம் நிற்கும். ‘கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே’ என்ற பேச்சு இங்கே எடுபடாது.

ஆறாம் படி: டெபாசிட் எங்கே போனது

நீங்கள் கட்டிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பாதுகாத்து, அதன் விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தரவேண்டும். டெபாசிட் ப்ரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம். டெபாசிட்டைத் திட்டத்தில் பாதுகாக்கவேண்டும் என்பது 2007 ஏப்ரலில் இருந்தே இருக்கும் விதி. முப்பத்தொன்றாம் நாள் மூன்று தளத்திலும் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள். இல்லை என்றால் கவுன்டி கோர்ட்டில் டெபாசிட்டின் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை நஷ்டஈடு கேட்கலாம்.

வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் தங்கும் லாட்ஜருக்கு இந்தப் பாதுகாப்புத் திட்டம் கட்டாயமில்லை. ஐந்து வார வரம்பு உண்டு, திட்டத்தில் போடும் கட்டாயம் இல்லை. ஆகவே அங்கே கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக ‘டெபாசிட், திரும்பத் தரவேண்டியது’ என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். அண்ணா கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

குடியிருக்கும்போது வரும் பில்கள்

வாடகை ஒரு நாள் தாமதமானதும் 30 பவுண்டு அபராதம் என்று மெசேஜ் வரும். வாங்க முடியாது. 14 நாள் தாமதமானால்தான் எதையாவது கேட்கமுடியும், கேட்கமுடிவதும் வட்டி மட்டும்தான், இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 3 சதவீதம். அடிப்படை விகிதம் 4 என்று வைத்தால் வருஷத்துக்கு 7 சதவீதம். 1,300 பவுண்டு வாடகை 14 நாள் தாமதத்துக்கு வட்டி சுமார் மூன்றரைப் பவுண்டு. இந்தக் கணக்கை ஒருமுறை ஏஜென்டுக்குப் போட்டு அனுப்பினால் அந்த 30 பவுண்டு பேச்சு நின்றுவிடும். இதற்காக வாடகையைத் தாமதிக்கச் சொல்லவில்லை, தொடர்ந்து தாமதித்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கே வரும்.

சாவி தொலைந்தால் புதுச் சாவியின் நியாயமான விலை, அதற்கான ரசீதோடு. எட்டுப் பவுண்டுச் சாவிக்கு 60 கேட்டால் ரசீதைக் கேளுங்கள்.

பேச்சிலர் வீடுகளில் அடிக்கடி நடப்பது ஆள் மாற்றம். ஒருவர் ஊருக்குப் போகிறார், இன்னொருவர் வருகிறார், ஒப்பந்தத்தில் பெயர் மாற்றவேண்டும். இதற்கு ஏஜென்ட் 50 பவுண்டு வரை வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் உண்மையில் அவ்வளவு செலவானது என்று காட்டவேண்டும். பழைய ஆளின் டெபாசிட் பங்கைப் புது ஆள் அவர் கையில் கொடுத்துவிட்டு, டெபாசிட் திட்டத்தில் பெயரை மாற்ற மறந்துவிடுவது வேறு ஒரு தலைவலி. இரண்டு வருஷம் கழித்துக் காலி செய்யும்போது டெபாசிட் சூரத்துக்குப் போன ஒருவர் பெயரில் இருக்கும். பெயரை அன்றே மாற்றுங்கள்.

புதுப்பித்தல் கட்டணம் 2019-லேயே செத்துவிட்டது. 2026 மே 1-க்குப் பிறகு வழக்கமான வாடகை ஒப்பந்தங்களில் குறிப்பிட்ட கால ஒப்பந்தமே கிடையாது என்பதால் புதுப்பிக்க ஒன்றும் இல்லை. நீங்கள் போகவேண்டும் என்றால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம், ‘பாதியில் போகிறீர்கள், மீதி மாத வாடகை கட்டுங்கள்’ என்பதற்கும் இடமில்லை.

கவுன்சில் டாக்ஸ் பட்டியலில் இருக்கும் செலவுதான், கட்டவேண்டும். வீட்டில் இருக்கும் எல்லோருமே முழுநேர மாணவர்கள் என்றால் மட்டும் விலக்கு, அதைக் கவுன்சிலிடம் நீங்கள் விண்ணப்பித்துப் பெறவேண்டும்.

காலி செய்யும்போது

சுத்தம் பற்றித்தான் சண்டை வரும். தொழில்முறைத் தரத்தில் சுத்தமாக இருக்கவேண்டும் என்று கேட்கலாம், ஆனால் ஆள் வைத்துத்தான் செய்யவேண்டும், இந்தக் கம்பெனியைத்தான் கூப்பிடவேண்டும் என்று சொல்லக்கூடாது. நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேய்த்தாலும் சரி. நீங்கள் வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பவேண்டும், வழக்கமான தேய்மானத்துக்குக் காசு கேட்கக்கூடாது. அதனால் குடிபுகும் அன்றே அடுப்பின் உள்பக்கம், குளியலறைச் சுவர், கம்பளம், ஜன்னல் ஓரப் பூஞ்சை எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே ஏஜென்டுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். மூன்று வேளையும் தாளித்துச் சமைக்கிறவர்கள் நாம், அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியின் சல்லடை கதை எல்லோருக்கும் தெரியும். போகுமுன் அதைக் கழற்றி ஊறவையுங்கள்.

தொகையில் உடன்பாடு ஆனபின் 10 நாளுக்குள் டெபாசிட் திரும்பவேண்டும். உடன்பாடு இல்லையா, டெபாசிட் திட்டத்திலேயே இலவசமாகத் தகராறு தீர்ப்பு இருக்கிறது. சேதத்தை நிரூபிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு.

கட்டிவிட்டேன், இப்போது என்ன செய்வது

முதலில் ஏஜென்டுக்கு மெயில். போனில் பேசாதீர்கள், பேசினாலும் பேசியதை எழுதி அனுப்புங்கள். கோபம் வேண்டாம், நாலு வரி போதும்: எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினேன், என்ன பெயரில் வாங்கினீர்கள், 2019 வாடகைதாரர் கட்டணச் சட்டத்தில் அனுமதிக்கப்பட்ட எந்த வகையில் இது வருகிறது என்று சொல்லுங்கள், இல்லையென்றால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். வீட்டுக்காரரின் பெயர், முகவரி தெரிந்தால் அவருக்கும் ஒரு நகல்.

பதில் வராவிட்டால் ஏஜென்சியின் முறையான புகார் வழியில் எழுதி, எட்டு வாரம் பார்த்து, அவர்கள் உறுப்பினராக இருக்கும் குறைதீர்ப்புத் திட்டத்துக்குப் போகலாம், உங்களுக்குச் செலவில்லை. இன்னொரு வழி உங்கள் கவுன்சிலில் வியாபார விதிமீறல்களைக் கவனிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவு, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னால் அவர்களுக்குத் தகவல் போகும். முதல் மீறலுக்கு 5,000 பவுண்டு வரை அபராதம், ஐந்து வருஷத்துக்குள் திரும்பச் செய்தால் குற்ற வழக்கு அல்லது 30,000 வரை அபராதம் என்று 2019 சட்டம் வைத்தது. பணத்தை மட்டும் திரும்ப வாங்கவேண்டும் என்றால் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவில் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம், கவுன்சிலும் உதவலாம்.

விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஆகாது. வாடகைத் தகராறுக்கும் உள்துறைக்கும் சம்பந்தமில்லை.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே சட்டம் வேறு, வாடகையும் திரும்பத் தரும் டெபாசிட்டும் தவிர எதுவும் வாங்கக்கூடாது என்பது 2012 நவம்பரிலேயே தெளிவாக்கப்பட்டுவிட்டது, டெபாசிட் வரம்பு இரண்டு மாத வாடகை. வேல்ஸில் 2019 செப்டம்பர் 1 முதல் தனிச் சட்டம். எடின்பரோவில் இருந்துகொண்டு நான் மேலே சொன்ன ஐந்து வாரக் கணக்கைக் காட்டாதீர்கள்.

2022-ல் நான் மறுபடி வீடு மாறினேன், இந்தமுறை குடும்பத்தோடு. கையெழுத்துக்கு முந்தின நாள் இரவு ஏஜென்சியிடமிருந்து ‘ஆவணத் தயாரிப்பு, 75 பவுண்டு’ என்று பில் வந்தது. மேலே சொன்ன அதே கேள்வியை ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பதில் இருந்தது. கணினித் தவறாம், திருத்திய பில்லை இணைத்திருக்கிறார்களாம்.